‘இல்லை’ என்று போட்ட ஒரு கட்டம்: பக்கத்து வளவு ஓக் மரமும் மறுக்கப்பட்ட ஒரு பிளானும்

வீட்டு எக்ஸ்டென்ஷனுக்கான பிளானிங் விண்ணப்பப் படிவத்தில் மரங்களைப் பற்றி இரண்டு கேள்விகள் இருக்கும். உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ, சரிந்தால் நீங்கள் கட்டப்போகும் இடத்தில் வந்து விழக்கூடிய தூரத்தில், மரம் ஏதாவது நிற்கிறதா என்பது முதலாவது. வேலைக்காக எந்த மரத்தையாவது வெட்டவோ கிளை கழிக்கவோ வேண்டி வருமா என்பது இரண்டாவது. இந்தக் கோப்பில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று போட்டது நான்தான். இரண்டாவது கேள்விக்கு அதுதான் சரியான பதில் என்று அப்போது நம்பினேன். முதலாவதுக்கு அது பிழை என்பது, வேலிக்கு அப்பால் நின்ற 15 மீற்றர் ஓக் மரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பிளான் கீறுவது என் தொழில். லண்டனின் வெளிப்புறத்தில் பின்பக்க எக்ஸ்டென்ஷன், லொஃப்ட் என்று நிறையச் செய்திருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனது, இரண்டாம் தடவை கட்டணம் கட்ட வேண்டி வந்தது, அதைவிட, நடக்க முடியாத ஒரு அம்மா இன்னொரு குளிர்காலம் முழுக்க மேல்மாடியிலேயே இருக்க வேண்டி வந்தது. அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இது இங்கிலாந்துச் சட்டப்படி நடந்த கதை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

வீடும் தேவையும்

1930-களில் கட்டிய செமி வீடு. ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. வளவின் அகலம் 8 மீற்றர். பின்சுவரிலிருந்து நேராக 11 மீற்றர் போய், இடப்பக்க வேலியைத் தாண்டி 1 மீற்றர் தள்ளி, அடுத்த வளவுக்குள் அந்த ஓக். இந்தப் பக்கத்துப் புறநகர்களில் வீடுகள் வருமுன் இருந்தது புல்வெளியும் வயலும்தான். வயல் எல்லையில் நின்ற ஓக் மரங்கள் சிலவற்றை வெட்டாமல் விட்டுவிட்டு அவற்றைச் சுற்றி வீடு கட்டினார்கள். வீடுகளைவிட மரத்துக்கு வயது கூட.

வீட்டுக்கார அக்காவின் மாமியார் படி ஏற முடியாமல் போனதால் கீழே ஒரு படுக்கையறையும், சக்கர நாற்காலி போகக்கூடிய குளியலறையும் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஆனால் கட்டுகிற கையோடு சமையலறையையும் பெருப்பிப்போம், மேலேயும் ஒரு அறை எடுப்போம் என்று பேச்சு வளர்ந்தது. நானும் மறுக்கவில்லை. கடைசியில் வந்த பிளான்: வளவின் முழு அகலத்துக்கும், பின்னால் 6 மீற்றர் நீளத்துக்கும் ஒரு தட்டைக் கூரைக் கட்டடம், அதன்மேல் முதல் மாடியில் 3 மீற்றருக்கு இன்னொரு பெட்டி. கீழ்த்தளம் மட்டும் 48 சதுர மீற்றர்.

அவர்கள் வீடு வாங்கியபோது சொலிசிட்டர் எடுத்த கவுன்சில் தேடலில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தத் தாளை என்னிடம் காட்டினார்கள், நான் அதோடு திருப்திப்பட்டேன். அந்தத் தேடல் நீங்கள் வாங்கும் காணியைப் பற்றியது. பக்கத்து வளவு மரத்துக்குக் கவுன்சிலின் பாதுகாப்பு ஆணை இருந்தால் அது உங்கள் தேடலில் வர வேண்டியதில்லை. மரத்தின் வேர் மட்டும் உங்கள் வளவுக்குள் வந்திருக்கும். இதைப் பார்க்கக் கவுன்சிலின் இணைய வரைபடத்தைத் திறந்து சுற்றுவட்டாரத்தையும் பார்க்க வேண்டும், அது இல்லாத இடத்தில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். காசு செலவில்லாத வேலை.

மறுப்புக் கடிதம்

8 கிழமை முடியும் தறுவாயில் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள்.

முதலாவது வடிவமைப்பு. கட்டடம் மூல வீட்டுக்கு அடங்கியதாக இல்லை, வீட்டை விழுங்குகிற அளவு பருமன், தட்டைக் கூரை அந்தத் தெருவின் ஓட்டுக் கூரை வீடுகளோடு பொருந்தவில்லை, முதல் மாடிப் பெட்டி ஒட்டிய வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து கீறும் 45 பாகைக் கோட்டை வெட்டுகிறது. இதில் எனக்கு விவாதிக்க ஒன்றும் இல்லை. 45 பாகைக் கோடு பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போகுமா என்று பார்க்கக் கவுன்சில்கள் பரவலாகப் பயன்படுத்தும் எளிய அளவு. எனக்குத் தெரியும், ‘கேட்டுப் பார்ப்போம்’ என்று விட்டிருந்தேன்.

இரண்டாவது காரணம் ஓக். அந்த மரத்துக்கு மரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது, இங்கே எல்லாரும் டிபிஓ என்பது அதைத்தான். கடிதத்தில் எழுதியிருந்த முறையைக் கவனியுங்கள்: மரத்துக்குக் கேடு வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. கேடு வராது என்று காட்டுவதற்கு விண்ணப்பத்தில் ஒரு தகவலும் இல்லை என்றார்கள். மரக் கணக்கெடுப்பு இல்லை, வேர் எவ்வளவு தூரம் என்று இல்லை, பிளானில் மரமே கீறப்படவில்லை. 1990-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 197-ஆம் பிரிவு, அனுமதி கொடுக்கும்போது மரங்களைக் காக்கப் போதிய ஏற்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதைக் கவுன்சிலின் கடமையாகவே வைத்திருக்கிறது. வெறுந்தாளைக் கொடுத்தால் அவர்களால் அந்தக் கடமையைச் செய்ய முடியாது. அதிகாரியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் மறுத்திருப்பேன்.

அக்கா கடிதத்தை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவரின் கணவர்தான் கோபப்பட்டார். “தம்பி, மரம் எங்கட வளவிலயே இல்லை. எங்கட மண்ணுக்குள்ள வந்த வேரை நாங்க வெட்டுறதுக்கு ஆரிட்டக் கேக்கோணும்?” நியாயமான கேள்வி. நிறையப் பேர் கேட்பதும் இதைத்தான். எல்லை தாண்டி வரும் கிளையையும் வேரையும் எல்லை வரைக்கும் வெட்டலாம் என்று இங்கே பழைய பொதுச்சட்ட உரிமை ஒன்று உண்டு, உண்மை. ஆனால் டிபிஓ இருக்கிற மரத்தில் அந்த உரிமையைக் காட்டி வேரை வெட்ட முடியாது. வேர் வெட்டுவதற்கும் கவுன்சிலின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆணை இருப்பது தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது, 1980-இலேயே நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. மரத்தை அழித்தால், அல்லது அழியக்கூடிய மாதிரிச் சேதப்படுத்தினால், தண்டப் பணத்துக்கு இன்று உச்ச வரம்பே இல்லை. 2015 வரை கீழ் நீதிமன்றத்தில் 20,000 பவுண் என்று ஒரு வரம்பு இருந்தது, அதுவும் போய்விட்டது. மரம் போனதால் உங்களுக்குக் கிடைக்கும் பண லாபத்தையும் நீதிபதி கணக்கில் எடுப்பார். பூல் நகரில் பக்கத்து வளவில் நின்ற, ஆணை உள்ள பைன் மரத்தை வெட்டுவித்த ஒருவருக்கு 75,000 பவுண் தண்டம். மரம் போனதால் வீட்டின் பெறுமதி கூடியது என்று அதன்மேல் 50,000 பவுணைப் பறிமுதல் செய்தார்கள், 2013-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

அக்காவின் கணவர் அடுத்ததாகக் கேட்டதுதான் ஆபத்தான கேள்வி. “அப்ப பிளானிங்கே கேக்காமல் கட்டினால் என்ன? 6 மீற்றர் கட்டலாம் எண்டு எல்லாரும் சொல்லுகினமே.”

இதில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் நின்று சொல்கிறேன். முழு விண்ணப்பம் போடாமலே கட்டுவதற்கு அரசு பொதுவாகக் கொடுத்திருக்கும் உரிமை ஒன்று இருக்கிறது, பெர்மிட்டட் டிவலப்மென்ட். ஒட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு தளத்தில் 3 மீற்றர், கவுன்சில் பக்கத்து வீட்டாருக்கு அறிவித்துத் தரும் முன்னனுமதி எடுத்தால் 6 மீற்றர் வரை. ஓக் மரம் நிற்பதால் இந்த உரிமை இல்லாமல் போகாது. ஆனால் இந்த உரிமை மரத்தைத் தொட உங்களுக்கு அனுமதி தராது. முழுப் பிளானிங் அனுமதி கிடைத்தால், அந்த அனுமதியை நிறைவேற்ற அவசியமான அளவுக்கு மரத்தில் செய்யும் வேலைக்குத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று 2012-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அதே விதி, விவரங்கள் இல்லாமல் கொள்கையளவில் மட்டும் கொடுக்கும் அவுட்லைன் அனுமதிக்கும் பெர்மிட்டட் டிவலப்மென்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது என்றும் சொல்கிறது. அதாவது பெர்மிட்டட் டிவலப்மென்டில் நீங்கள் சுவர் எழுப்புவது சட்டப்படி சரி, அந்தச் சுவருக்கு அத்திவாரம் வெட்டும்போது ஓக்கின் வேரை அறுத்தால் அது குற்றம். இரண்டும் ஒரே நாளில், ஒரே குழியில் நடக்கலாம். வேர் வெட்டத் தனியாக விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை, அதற்கும் 8 கிழமை, ஆனால் அதையும் மறுக்கலாம். ஆணை உள்ள மரத்துக்குப் பக்கத்தில் கட்டுகிறவர் முழு விண்ணப்பம் போடுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம். பெர்மிட்டட் டிவலப்மென்டுக்குள் வருகிற சின்னக் கட்டடமாக இருந்தாலும் அப்படித்தான்.

மேன்முறையீடு செய்ய 12 கிழமை அவகாசம் இருந்தது. செய்ய வேண்டாம் என்றேன். எங்கள் பிளான் உண்மையிலேயே பிழை, அதைத் திருத்தாமல் மேலே கொண்டுபோய்ப் பயனில்லை. முன்பெல்லாம் மறுத்தால் 12 மாதத்துக்குள் ஒரு தடவை இலவசமாகத் திரும்பப் போடலாம். 2023 டிசம்பரோடு அந்தச் சலுகை நின்றுவிட்டது. கட்டணமோ 2025 ஏப்ரலில் 258 பவுணிலிருந்து 528 ஆகிவிட்டது. இரண்டாவது 528 பவுணை நான் என் கையிலிருந்து கட்டினேன்.

நாடாவும் வட்டமும்

மர நிபுணர் ஒருவரைப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் விஷயம், மரத்தடிக்குப் போக முடியுமா என்பது. பக்கத்து வளவில் தனியாக இருப்பவர் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி. முதல் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை எழுதியவரும் அவர்தான். அக்காவும் நானும் கதவைத் தட்டினோம். மரத்தை அளக்க வேண்டும், வெட்டுவதற்கு இல்லை, கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள, என்று அக்கா சொன்னதும் உள்ளே விட்டார். நிபுணர் நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்ற, மறுபக்கம் நின்று நாடாவின் நுனியைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்தவர் அந்தப் பெண்மணி. பட்டையின் வெடிப்புக்குள் அவரின் பெருவிரல் பாதி புதைந்திருந்தது. சுற்றளவு 251 சென்ரிமீற்றர். விட்டம் 80.

அந்த ஒரு எண்ணிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. இங்கே கட்டட வேலைக்கும் மரத்துக்குமான தர விதி பிஎஸ் 5837, நாங்கள் பார்த்தது அதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. 1.5 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை எடு, அதை 12-ஆல் பெருக்கு, வரும் தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் கீறு: அதுதான் வேர்ப் பாதுகாப்புப் பகுதி. 80 சென்ரிமீற்றரை 12-ஆல் பெருக்கினால் 9.6 மீற்றர். பரப்பு ஏறத்தாழ 290 சதுர மீற்றர். எவ்வளவு பெரிய மரமானாலும் 707 சதுர மீற்றருக்குமேல் கணக்குப் போகாது. வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு பக்கம் தெருவோ பழைய கட்டடமோ வேரைத் தடுத்திருந்தால், பரப்பைக் குறைக்காமல் வடிவத்தை நிபுணர் மாற்றலாம், அதற்கு அவர் காரணம் காட்ட வேண்டும்.

இதே விதியில் மரங்களுக்குத் தரமும் உண்டு. இன்னும் 40 வருடத்துக்குமேல் நிற்கும், நல்ல மரம் என்றால் ஏ. 20-க்குமேல் பி. 10-க்குமேல் என்றால் அல்லது அடிமரம் 15 சென்ரிமீற்றருக்குள் இருக்கும் இளமரம் என்றால் சி. இனி வைத்திருந்து பயனில்லாதது யூ. எங்கள் ஓக் ஏ.

வீட்டுக்கு வந்து பழைய பிளானின்மேல் அந்த வட்டத்தைக் கீறினேன். என் 6 மீற்றர் பெட்டியின் இடமூலை அடிமரத்திலிருந்து 5.1 மீற்றரில் நின்றது. 22 சதுர மீற்றர் வட்டத்துக்குள். லண்டன் களிமண்ணில், ஓக்குக்கு இவ்வளவு கிட்டே, ஆழமான அத்திவாரத்தோடு. அன்றைக்குத்தான் மறுப்புக் கடிதத்தை மனதார ஏற்றுக்கொண்டேன்.

மண்ணுக்குள் பார்த்தது

வட்டம் ஒரு ஊகம்தான். வேர் உண்மையில் எங்கே ஓடுகிறது என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் மண்வெட்டியால் தோண்டினால் வேர் அறும். அதற்கு ஏர் ஸ்பேட் என்று ஒரு கருவி: அமுக்கிய காற்றை வேகமாக ஊதி மண்ணை மட்டும் கிளப்பிவிடும், வேர் அப்படியே கிடக்கும். எங்கள் பக்கத்தில், ஆணை உள்ள மரம் என்பதால், இப்படித் தோண்டிப் பார்க்கப்போகிறோம் என்று கவுன்சிலின் மர அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுச் செய்தோம்.

60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு ஒடுங்கிய பள்ளம், மரத்திலிருந்து வீட்டை நோக்கி. மரத்தின் வேர் கூரையைப்போல அகலமாக, மேல்மண்ணுக்குள் படர்கிறது. பெரும்பாலானவை இந்த 60 சென்ரிமீற்றருக்குள்தான். ஆழத்துக்கு இறங்கும் ஆணிவேரைப் பார்க்கப்போகிறோம் என்று அக்காவின் கணவர், அண்ணை, நினைத்திருந்தார். களிமண் என்றபடியால் மெதுவாகத்தான் போனது. 6 மீற்றரில் என் மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு வேர் குறுக்கே கிடந்தது, மேல்தோல் ஈரமாக, செம்மண்ணிறமாக. 7 மீற்றரில் பெருவிரல் தடிப்பில் இரண்டு. 8-ஐத் தாண்டியதும் பென்சில் தடிப்பைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, நார் வேர்கள் மட்டும். 25 மில்லிமீற்றருக்குக் குறைந்த வேரைக் கவனமாக, கூரான கருவியால் வெட்டலாம், அதற்குமேல் தடித்ததை நிபுணரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது அந்தத் தர விதியில் உள்ளது. அண்ணை பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து அந்த மணிக்கட்டு வேரை நெடுநேரம் பார்த்தார். “இது உயிரோட கிடக்குது” என்றார். அதற்குப் பிறகு வேரை வெட்டுவது பற்றிக் கேட்கவில்லை.

மரத்திலிருந்து தொடங்கிய பிளான்

இந்தத் தடவை வெறுந்தாளில் முதலில் கீறியது அடிமரத்தை. பிறகு 9.6 மீற்றர் வட்டம். பிறகு கிளைகளின் பரவல். பிறகு ஒட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து 45 பாகைக் கோடு. இவ்வளவும் கீறியபின் மிஞ்சிய இடம் வீட்டின் வலப்பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. மரம் இடப்பக்கம் நிற்பதால் வட்டம் வலப்பக்கம் போகப்போக வீட்டை விட்டு விலகுகிறது. அங்கே 4 மீற்றர் அகலம், 4.5 மீற்றர் நீளம், ஒரு தளம், 18 சதுர மீற்றர். அம்மாவுக்குப் படுக்கையறை. குளியலறையை வெளியே கட்டாமல், வீட்டுக்குள் துவைக்கும் இயந்திரம் நின்ற அறையை எடுத்து அதற்கு மாற்றினோம். பெரிய சமையலறையும் மேல்மாடி அறையும் போயின. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாங்க முதல்ல கேட்டது இதைத்தானே தம்பி” என்றார்.

கிட்டிய மூலை அடிமரத்திலிருந்து 8.2 மீற்றர். வட்டத்துக்குள் நுழைவது 2 சதுர மீற்றர், 290-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதுவும் பள்ளத்தில் நார் வேர் மட்டுமே கண்ட இடத்தில். அந்த 2 சதுர மீற்றரையும் தவிர்த்திருக்கலாம், ஆனால் சக்கர நாற்காலி திரும்பும் இடம் போய்விடும். அதனால் ஏன் நுழைகிறோம், எப்படிக் கட்டுவோம் என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதினோம். மறைத்து எழுதுகிற அறிக்கையைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அத்திவாரம், இதில் மரமும் கட்டடமும் ஒரே கேள்வியாகிவிடும். லண்டன் களிமண் ஈரம் போனால் சுருங்கும், வந்தால் வீங்கும். ஓக் தண்ணீரை நிறைய இழுக்கும் மரங்களில் ஒன்று. அதனால் மரத்துக்குக் கிட்டே அத்திவாரம் ஆழமாகப் போக வேண்டும், புதுவீட்டுக் காப்புறுதி தரும் என்எச்பிசியின் தர விதியில் மரத்தருகே கட்டுவதற்கென்றே 4.2 என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, ஆழம் 2.5 மீற்றரைத் தாண்டினால் பொறியியலாளர் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு நீளமாகக் கால்வாய் வெட்டினால் அந்த வழியில் வந்த வேர் முழுதும் போகும். கட்டடத்தைக் காப்பாற்றுகிற ஆழம் மரத்தைக் கொல்லும். மரத்தைக் கொன்றால் களிமண் திரும்ப ஈரம் குடித்து வீங்கி, உங்கள் கட்டடத்தையும் பக்கத்து வீட்டையும் மேலே தள்ளும். ‘மரம் போனால் பிரச்சினை போச்சு’ என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பாகத்தை எண்ணுவதில்லை.

நாங்கள் போனது மினி பைல் வழி. சில இடங்களில் மட்டும் ஒடுங்கிய துளை போட்டு ஆழமாகக் கொங்கிறீட் தூண்கள், அவற்றின்மேல் மண்ணைத் தொடாமல் நிற்கும் பீம், தரைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம். ஒவ்வொரு துளைக்கும் முதல் 60 சென்ரிமீற்றரைக் கையால் தோண்டி, தடித்த வேர் வந்தால் துளையை அரை மீற்றர் நகர்த்தலாம் என்று பொறியியலாளர் இடம் விட்டுக் கணக்குப் போட்டார். பச்சைக் கொங்கிறீட்டின் சுண்ணாம்பு வேரில் படாமல் இருக்க மேற்பகுதிக்கு உறை. பீம் மேலே வந்தால் தரை உயரும், சக்கர நாற்காலிக்குப் படி வந்துவிடுமே என்று பயந்தேன். ஆனால் 1930-களின் அந்த வீட்டில் மரப்பலகைத் தரை ஏற்கெனவே தோட்டத்தைவிட 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. புதுத் தரை அதோடு மட்டமாக வந்து நின்றது. வடிவமைப்பில் எனக்கு மிகச் சந்தோஷம் தந்த இடம் இதுதான்.

வெளித்தோற்றத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை: மூல வீட்டின் செங்கல், ஓட்டுச் சாய்வுக் கூரை, முதல்மாடி ஜன்னலுக்குக் கீழே முடியும் உயரம். ஆனால் ஜன்னலின் திசை முக்கியம். மர அதிகாரிகள் வேரை மட்டும் பார்ப்பதில்லை, வருங்காலத்தையும் பார்க்கிறார்கள். அறை இருட்டாக இருந்தால், கூரை முழுக்க இலை விழுந்தால், நாலைந்து வருடத்தில் அதே வீட்டார் மரத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பது அவர்களின் கவலை, மறுப்புகளில் இது அடிக்கடி வரும். அதனால் பெரிய ஜன்னலை மரத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்தேன், கூரையில் கண்ணாடி வைக்கவில்லை, பீலிக்கு இலை தடுக்கும் வலை போட்டுக் காட்டினேன்.

இரண்டாவது விண்ணப்பத்தில் படிவத்தின் முதல் மரக் கேள்விக்கு ‘ஆம்’. மரக் கணக்கெடுப்பு, தாக்க மதிப்பீடு, வேலை செய்யும் முறை அறிக்கை, பாதுகாப்பு வேலி எங்கே என்று காட்டும் பிளான், பள்ளத்தின் படங்கள் எல்லாம் சேர்த்தோம். பக்கத்து வளவுப் பெண்மணி இந்தத் தடவை ஆட்சேபணை எழுதவில்லை. 8-ஆவது கிழமையில் அனுமதி வந்தது.

நிபந்தனைகளும் ஒரு காலைப்பொழுதும்

அனுமதி வந்ததும் வேலை தொடங்கலாம் என்று நினைக்கக்கூடாது. எங்கள் கடிதத்தில், மண்ணில் கை வைக்குமுன் செய்ய வேண்டியவை என்று சில நிபந்தனைகள் இருந்தன. பாதுகாப்பு வேலி நிறுத்தி, அதன் படங்களை அனுப்பி, கவுன்சிலின் எழுத்து வரும்வரை பொறுக்க வேண்டும். அதற்கும் விண்ணப்பம் உண்டு, வீட்டு வேலைக்குக் கட்டணம் அப்போது 86 பவுண். இப்படியான நிபந்தனையை மீறித் தொடங்கினால், கையில் அனுமதி இருந்தும் கட்டுவது சட்டவிரோதம் என்று ஆகிவிடலாம்.

வேலி என்றால் கயிறு கட்டுவது இல்லை. நிலத்தில் இறக்கிய இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் கம்பிவலைத் தட்டிகள், பக்கத்திலிருந்து தாங்கு குழாய். பைல் இயந்திரம் போகும் பாதைக்கு நிலத்தின்மேல் மரச்சிராய் பரப்பி அதன்மேல் பலகை.

இரண்டாம் கிழமை ஒரு காலை நான் போனபோது தட்டி ஒன்று கழன்று சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பலகைத் தட்டு நிறையச் செங்கல், 12 சீமெந்துப் பை, கொங்கிறீட் கலக்கும் இயந்திரம். அதைக் கழுவிய சாம்பல் தண்ணீர் ஓக்கின் பக்கம் சரிவாக ஓடிக்கொண்டிருந்தது. பில்டர் பையன் நல்லவன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. “அண்ணை, நாங்க மரத்தைத் தொடேல்லையே” என்றான். அவனைக் கூட்டிக்கொண்டுபோய் மூடாமல் விட்டிருந்த பள்ளத்தின் ஓரத்தில் நார் வேரைக் காட்டினேன். வேர் குடிப்பது தண்ணீர் மட்டும் இல்லை, மண்ணின் துளைகளுக்குள் இருக்கும் காற்றும் அதற்கு வேண்டும். ஒரு பலகைத் தட்டுச் செங்கல் ஈரக் களிமண்ணில் ஒரு கிழமை இருந்தால் அந்தத் துளைகள் நசுங்கிவிடும், களிமண் இலகுவில் திரும்பாது. மரம் அன்றைக்கே விழாது, சில வருடம் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும், அப்போது யாரும் இந்தச் செங்கலை நினைக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முன்வளவுக்குக் கொண்டுபோனார்கள். நிபுணர் வந்து பார்த்து, மண்ணைக் காற்றால் இளக்கி மரச்சிராய் போடச் சொன்னார். கவுன்சிலுக்கும் நாங்களே எழுதி அறிவித்தோம். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பக்கத்து வளவு மேல்மாடி ஜன்னலிலிருந்து அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு இருந்தது.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழைய தோற்றத்தைப் பேணக் கவுன்சில் ஒதுக்கிய வட்டாரத்துக்குள், இருந்தால், டிபிஓ இல்லாத மரத்துக்கும் 1.5 மீற்றர் உயரத்தில் விட்டம் 75 மில்லிமீற்றருக்குமேல் இருந்தால், தொடுவதற்கு 6 கிழமைக்கு முன் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அந்த 6 கிழமைக்குள் அவர்கள் ஆணை போடலாம்.

அறை முடிந்தது. அம்மா கீழே வந்துவிட்டார், ஜன்னல் மரத்துக்கு மறுபக்கம் என்றாலும் கட்டிலின் கால்மாட்டுக் கதவைத் திறந்தால் ஓக்கின் பாதி தெரிகிறது. இப்போது அக்கா கேட்பது, நாற்காலியைத் தோட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போக ஒரு தளம். வழமையான மாதிரித் தோண்டிக் கல் பதித்தால் அந்த மணிக்கட்டு வேருக்கு மேலேதான் வரும். வேர்ப் பகுதிக்குள் வெறும் மண்ணாக இருக்கும் நிலத்தில் 20 சதவீதத்துக்குமேல் மூடக்கூடாது என்று பிஎஸ் 5837-இல் இருக்கிறது, தோண்டாமல் மண்ணின்மேலேயே தேன்கூட்டுச் சட்டம் விரித்து, தூசியில்லாத கல் நிரப்பி, நீர் இறங்கும் மேற்பரப்புப் போடலாம். எவ்வளவு அகலம் என்று அளக்கச் சனிக்கிழமை போகிறேன். மர அதிகாரிக்கு மின்னஞ்சல் நேற்றே அனுப்பியாயிற்று.